டாங்கித் தளபதி போடாத கையெழுத்து

மொன்றியலை அடுத்த கர்க்லாண்டில் தெரேசா அக்காவின் சமையலறை மேசையில் இன்று வந்த கடிதம் கிடக்கிறது. மன்னாரில் ஷெல்லடிக்குத் தப்பி மொன்றியல் வந்த அக்கா, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் டாங்கித் தளபதியாக இருந்த முதியவர் ஒருவரைக் கடைசிவரை பராமரித்தவர். அந்த முதியவர் இறந்தது தெரியாத போர் வரலாற்று ரசிகர்கள் இன்னமும் கையெழுத்துக் கேட்டு எழுதுகிறார்கள். அவருடைய மகள் கடிதங்களை அக்காவிடம் கொண்டுவந்து தருகிறார்.

"என்ன பதில் போடுவியள், அக்கா?" என்று கேட்கிறேன்.

"அவர் ஒருத்தருக்கும் கையெழுத்துப் போட்டதில்லை. இதைத்தான் அனுப்புவார். நானும் இதையே அனுப்புறன்."

அக்கா நீட்டிய தாளில் முதியவருடைய டாங்கிக்குள் எரிந்துபோன சக வீரர்கள் நான்கு பேரின் பெயர்கள் இருக்கின்றன. கீழே ஜெர்மன் மொழியில் ஒரே ஒரு வரி.

முதியவர் அர்த்தம் சொல்லித் தந்திருந்த அதை அக்கா தமிழில் சொல்கிறார்: "நாங்கள் சுட்டுக் கொன்ற ஆக்களின்ர பேர் எனக்குத் தெரியாது."

இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்கிறேன்.