வலிக்கல்லே

மட்டாஞ்சேரி பஜாரில் எங்களுக்குக் கயிற்றுக் கடை. தேங்காய் நார்க் கயிறு, நைலான் கயிறு, வலை, தார்ப்பாய் எல்லாம் உண்டு. கடையில் உட்காருவது நான். என் வீட்டுக்காரர் சரக்கு எடுக்கவும் கொண்டுபோய்ப் போடவும் அலைகிறவர். அவருக்கு வாய் கிடையாது. எனக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து உண்டு. வாங்க வருகிறவர்கள் கயிற்றின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, "இத்தா, ஒந்நு வலிச்சே" என்பார்கள். இத்தா என்றால் அக்கா. மலையாளத்தில் வலி என்றால் இழு. நான் ஒரு பக்கம் இழுப்பேன், அவர்கள் மறு பக்கம் இழுப்பார்கள், கயிறு அறுந்து போகாது, வாங்கிக்கொண்டு போவார்கள். ஒரு நாளில் ஐம்பது தடவையாவது இந்தச் சொல் என் காதில் விழும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்ததற்கு என்னிடம் ஒரு சாக்கும் இல்லை.

இடப்பள்ளி நெரிசலைத் தாண்டி வடக்கே இரண்டு மணி நேரம் போனால் ஒரு மிருகக்காட்சிசாலை இருக்கிறது. மிருகங்களை மட்டும் பார்க்க இப்போது யாரும் வருவதில்லை என்று அங்கே சாகச விளையாட்டுகள் போட்டார்கள். மரத்துக்கு மரம் தொங்குபாலம், பிள்ளைகள் ஏறுவதற்கு வலை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஜிப் லைன். இந்த மேட்டிலிருந்து அந்த மேட்டுக்கு இரும்புக் கம்பி கட்டி, இடுப்பில் வார் மாட்டி, ஆளைச் சறுக்கி விடுவது. வலையும் கயிறும் எங்கள் கடைச் சரக்கு. முதல் லோடு போகும்போது நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். குரங்கு பார்த்து எத்தனை நாளாயிற்று!

குரங்கைப் பார்ப்பதற்கு முன் கரடிச் சேட்டனைப் பார்த்தேன். கரடிகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் அவர். பாலக்காட்டுப் பக்கம் எல்லையில் பிறந்தவர், அதனால் அரைத் தமிழ் பேசுவார். அவரிடம் ஒரே ஒரு கரடி. யாரோ கம்பி வைத்துப் பிடித்ததில் காயம்பட்டு, பூனைக்குட்டி அளவில் வந்து சேர்ந்ததாம். பதினோரு வருடமாக அவர் கையால் கஞ்சி குடித்து வளர்ந்தது. அதை அவர் மோளே, அதாவது மகளே, என்றுதான் கூப்பிடுவார்.

"எங்கே உங்க மோள்?" என்று கேட்டேன்.

"அகத்து இருக்கா இத்தா. வெளிய வர்றதில்ல. லைன் சோதனை தொடங்கின அன்னிக்கு உள்ள போனவ."

கம்பி கரடியின் இடத்துக்கு நேர் மேலே போயிற்று. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். புல், பாறை, சின்னக் குளம், ஒரு பட்ட மரம், கரடி மட்டும் இல்லை. தலைக்கு மேலே கப்பி கிறீச்சென்று ஓட, சோதனைக்கு ஏறிய ஆள் அம்மாவோ என்று அலறிக்கொண்டு போனான். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை இதே கூத்து. இருட்டிய பிறகு வந்து தின்றுவிட்டுப் போகிறதாம். பகல் முழுக்கக் கூட்டுக்குள் முன்னும் பின்னுமாக நடக்கிறது, முன்னங்காலை நக்கி நக்கி முடியெல்லாம் போய்விட்டது என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அங்கே மிருக டாக்டராக இருந்தது ஒரு சின்னப் பெண். இதைப் பற்றி மேலதிகாரிகளுக்கு எழுதி எழுதி அவளுக்குக் கை ஓய்ந்துவிட்டது. லைனை நடத்தும் காண்ட்ராக்டர், கரடிக்கு வயசாகிவிட்டது, மழைக்காலச் சோம்பல் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம் நிறுத்திப் பார்க்கலாம் என்று டாக்டர் கேட்டாள். திறப்பு விழா நெருங்குகிறது, ஐந்து நிமிடம்கூட முடியாது என்றுவிட்டான். வெளியே வராத கரடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, வடக்கே எங்கேயாவது அனுப்பிவிட்டு வேறு ஏதாவது கொண்டுவரலாம் என்று மேலிடத்தில் பேச்சு ஓடியது.

"வேற ஊர்ல யார் கையால கஞ்சி குடிப்பா?" என்றார் சேட்டன். எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் கயிறு விற்கப் போனவள் என்ன செய்ய முடியும்? வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

அடுத்த வாரம் கடைசி லோடு. இறக்கிக்கொண்டிருக்கும்போது காண்ட்ராக்டர் வந்து கயிற்றை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இது ஆட்டைக் கட்டத்தான் லாயக்கு" என்றான். நாலு பேருக்கு முன்னால் சொன்னான். ஜிப் லைனில் ஆளைத் தாங்குவது கம்பிதான். எங்கள் கயிறு, நடுவில் நின்றுபோனவர்களை இழுத்துச் சேர்ப்பதற்கு. இருந்தாலும் எங்கள் கயிறு.

"அந்த ஆடு நானே ஆகிறேன். ஏத்துங்க என்னை" என்றேன்.

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். நான் ஒரு பார்வை பார்த்ததும் மூடிக்கொண்டார். முக்காட்டுக்கு மேலேயே ஹெல்மெட்டை மாட்டி, வாரை இறுக்கி, மேட்டின் விளிம்பில் நிறுத்தினார்கள். கீழே பார்த்ததும் என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்ல நினைப்பதற்குள் தள்ளிவிட்டார்கள்.

பாதி தூரம் பறந்தேன். பறந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு நன்றாக இருந்தது. பிறகு வேகம் குறைந்தது, இன்னும் குறைந்தது, நின்றேவிட்டது. எடை போதவில்லையாம். ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாக ஒருவர் என்னைப் பார்த்து எடை போதவில்லை என்று சொன்னது, நான் கரடியின் வீட்டுக்கு மேலே, வல்லார்பாடத்துத் துறைமுகக் கிரேனில் கண்டெய்னர் தொங்குகிற மாதிரி தொங்கும்போதுதான். ஒரு கால் செருப்பு கீழே விழுந்தது.

என் வாரில் கட்டிய கயிற்றின் மறு முனையைப் பிடித்திருந்த எதிர் மேட்டு ஆளைப் பார்த்து இந்த மேட்டிலிருந்து கத்தினார்கள்: "வலிக்கு! வலிக்கு!"

பயம் வந்தால் தாய்மொழிதான் முன்னால் வந்து நிற்கும் போலிருக்கிறது. நாள் முழுக்க மலையாளத்தில் வியாபாரம் பண்ணுகிற எனக்கு அந்த நேரத்தில் வலி என்றால் நோவுதான். இடுப்பு வலிக்கிறதா என்று என்னைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த நிலையிலும் ரோஷம் விடவில்லை. எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவும் போட்டு, "வலிக்கல! வலிக்கல!" என்றேன்.

மலையாளத்தில் வலிக்கல்லே என்றால் இழுக்காதே, தயவுசெய்து இழுக்காதே.

எதிர் மேட்டு ஆள் பதறிக் கயிற்றையே விட்டுவிட்டான். அது சரசரவென்று கீழே போய்ப் பள்ளத்தில் விழுந்தது. இனி ஒருவர் கம்பியோடு தவழ்ந்து வந்துதான் என்னைக் கூட்டிப்போக வேண்டும். அந்த ஆளுக்கு வார் மாட்டிக்கொண்டிருந்தார்கள். கப்பி ஓடவில்லை. யாரும் அலறவில்லை. காண்ட்ராக்டர்கூட அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நானும் கத்துவதை விட்டு வாரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டேன். இத்தனை நாளில் முதல் தடவையாகப் பகல் வெளிச்சத்தில் அந்த இடம் ஓசையில்லாமல் இருந்தது.

முதலில் மூக்கு வந்தது. பிறகு ஒரு கால். பத்து நிமிடமோ பதினைந்து நிமிடமோ கழித்து முழுக் கரடியும் வெளியே வந்து, கறுப்புக் கம்பளிக் குவியலாக வெயிலில் நின்றது. காற்றை உறிஞ்சி உறிஞ்சி முகர்ந்தது. நேராகப் போய் என் செருப்பைப் புரட்டிப் பார்த்தது. பிடிக்கவில்லை, விட்டுவிட்டது. குளத்தில் இறங்கித் தண்ணீரை அடித்தது. சிவபூஜையில் கரடி நுழைந்த மாதிரி என்பார்கள். அன்றைக்குக் கரடியின் பூஜையில் நுழைந்தவள் நான்தான். ஆனால் அது என்னைச் சட்டை செய்யவே இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சேட்டன் நின்றிருந்தார். என்னைக் கூட்டிப்போக மேட்டில் வார் மாட்டி நின்ற ஆளை ஒரு கையைத் தூக்கிச் சைகையாலேயே நிறுத்தியிருந்தார். மறு கையின் விரல்களை விரித்து என்னிடம் காட்டினார், ஐந்து. பிறகு மறுபடியும் ஐந்து. இன்னும் பத்து நிமிடம் தொங்க முடியுமா என்று கேட்கிறார்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் பக்கத்தில் டாக்டர் பெண் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். சேட்டன் முகத்தையும் பார்த்தேன். தலையை ஆட்டினேன். இடுப்பு இப்போது உண்மையாகவே வலித்தது. சொல்லவில்லை.

தொங்கிய நேரம் மொத்தம் முப்பத்தைந்து நிமிடம் என்றார்கள். இறக்கிவிட்டதும் லைன் திரும்ப ஓடியது. கப்பி முதல் தடவை கிறீச்சிட்டதுமே கரடி ஓடி உள்ளே புகுந்தது. அதையும் டாக்டர் படம் எடுத்திருந்தாள். இரண்டையும் சேர்த்து மேலே அனுப்பினாள்.

"எடோ, இத்தா என்ன சொன்னாங்கன்னு தெரியுமா? நோவலைன்னு!" என்று சேட்டன் எதிர் மேட்டு ஆளிடம் சொல்ல, அங்கே இருந்தவர்கள் எல்லோரும் சாயாவைக் கீழே சிந்திச் சிரித்தார்கள். கயிற்றுக் கடைக்காரிக்கு வலிக்கத் தெரியவில்லை என்று இன்றைக்கும் பஜாரில் பேச்சு.

வீட்டில் சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. "கரடி விடாதீங்கம்மா" என்றார்கள். இவர்தான் சாட்சி. வழக்கம்போல அவருக்கு வாய் இல்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

திறப்பு விழா தள்ளிப்போயிற்று. லைனைக் குன்றுக்கு அந்தப் பக்கம், மூங்கில் காட்டுக்கும் ஏரிக்கும் மேலே மாற்றிவிட்டார்கள். அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் அலறலாம். வருகிறவர்களுக்கும் அதுதான் பிடித்திருக்கிறதாம், ஏரிக் காற்று நன்றாக இருக்கிறதாம். பழைய லைனுக்கு வாங்கிய கயிறு மிச்சமிருந்தது. அதில் என் கையாலேயே கரடிக்கு ஒரு பெரிய ஊஞ்சல் வலை முடிந்து அனுப்பினேன். ஆட்டைக் கட்டத்தான் லாயக்கான கயிறு!

வலை கட்டி ஒரு மாதம் ஆகியும் கரடி அதைத் தொடவில்லை என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். கரடி வெளியே பாறையில்தான் படுத்திருந்தது. காலில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. சேட்டன் கரடிக்கு முதுகைக் காட்டி நின்று, பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தார். இனி அனுப்ப மாட்டார்கள் என்று அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. இருந்தாலும், "அவ பழையபடி ஆகணும் இத்தா, விளையாடணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்போது கரடி எழுந்தது. வலையின் கீழே போய் நின்று, ஒரு நகத்தை மாட்டி அசைத்துப் பார்த்தது. பிறகு மேலே ஏறி, தொப்பென்று மல்லாந்து விழுந்து, நான்கு கால்களையும் ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டு ஆட ஆரம்பித்தது. நெஞ்சில் இருந்த வெள்ளைப் பிறை முன்னும் பின்னும் போயிற்று. கயிறு தாங்கியது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, ஊரைக் கூட்ட வேண்டும் போலிருந்தது. கத்தினால் இறங்கி உள்ளே ஓடிவிடும்.

வாயை இறுக்கி மூடிக்கொண்டு சேட்டனின் சட்டையைப் பிடித்து வலித்தேன்.