பத்து நிமிட நடை

முடிதிருத்துபவரிடம் ரொட்டிக்கடைக்காரர் சொன்னாராம்; ரொட்டிக்கடைக்காரரிடம் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. கருத்தரங்குக்கு வந்த வயதான பேராசிரியர் ஒருவர், விடுதிக்காரர் பேச்சைக் கேட்டு ஏரி பார்க்கப் போய், ஏரியோடு போய்விட்டாராம். பாதி முடி வெட்டிய தலையோடு எழுந்து ஓடினேன். கருத்தரங்கு மண்டபத்துக்குப் பக்கத்தில் இருப்பது ஒரே விடுதி. அதை நடத்துபவர் என் அக்காவின் கணவர்.

அத்தானுக்குப் பதினொரு அறைகள். வருடத்தில் முக்கால்வாசி நாட்கள் நாலு அறைக்கு ஆள் இருந்தாலே பெரிது. பாலம் கட்டும் பொறியாளர்கள் கருத்தரங்குக்குக் கூடும் நாலு நாட்களில்தான் பதினொன்றும் நிறையும். அதை வைத்துத்தான் மீதி வருடம் ஓடுகிறது. அமைப்பாளர்கள் அனுப்பும் தங்குமிடப் பட்டியலில் விடுதியின் பெயர் இருக்கும்வரை கவலையில்லை. பெயர் போனால் இழுத்து மூட வேண்டியதுதான்.

வந்தவர்கள் அறையிலேயே குந்தியிருந்தால் அக்காவால் படுக்கை விரிப்பு மாற்ற முடியாது. அவர்களைக் கிளப்புவதற்காகவே அத்தான் ஒரு தாள் அச்சடித்து ஒவ்வொரு தலையணை மேலும் வைத்திருந்தார். ஏரி, நடந்தால் பத்து நிமிடம். மலைக் கோபுரம், அங்கிருந்து இன்னும் பத்து நிமிடம். பதினெட்டு வருடமாக இந்த வெளிநாட்டு ஊரில் குடியிருந்தும் அவர் இரண்டையும் பார்த்ததில்லை. நிமிடங்களை எதிர்ப்பக்கத்துப் பேருந்து நிறுத்தத்து அட்டவணையிலிருந்து எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. மூன்று மணிக்குப் பேராசிரியர்தான் மேடையில் முதலில் பேச வேண்டும். காலை ஒன்பதரைக்கு, பளபளக்கும் ஷூ போட்டுக்கொண்டு, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தே கிளம்பியிருக்கிறார். கைப்பேசியை அறையிலேயே வைத்துவிட்டார்.

“வேகமா நடந்தா பத்து நிமிஷத்துல போயிட முடியாதா?” என்றார் அத்தான்.

“அது பஸ்ஸுக்குப் போட்டது. அவர் என்ன பஸ்ஸா?” என்றாள் அக்கா.

ஏரியில் படகு விடுபவரைத் தொலைபேசியில் பிடித்தோம். யாரும் மூழ்கவில்லை என்றார். பன்னிரண்டு மணிக்கு ஒரு பெரியவர் வியர்த்து வழிந்து வந்தாராம். ஷூவைக் கழற்றிக் கால்களைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாராம். வண்டி பிடித்துத் தரவா என்று கேட்டதற்கு, கோபுரம் பத்து நிமிடம்தானே என்று தாளைக் காட்டிவிட்டு மலைப்பக்கம் நடந்துவிட்டாராம்.

அத்தான் பொத்தென்று உட்கார்ந்தார். கருத்தரங்குச் செயலாளர் அம்மா அதற்குள் இரண்டு முறை அழைத்திருந்தார். முதல் முறை பேராசிரியர் தூங்குகிறார் என்றும், அடுத்த முறை குளிக்கிறார் என்றும் அத்தான் சொல்லி வைத்திருந்தார். நானோ காவல் நிலையத்தில் சொல்ல வேண்டியதை இந்த ஊர் மொழியில் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்; வினைச்சொல் எதுவும் நாக்குக்கு வரவில்லை.

அக்கா கையிலிருந்த விரிப்புகளை மேசை மேல் போட்டுவிட்டு டாக்ஸிக்குத் தொலைபேசியில் சொன்னாள். “தம்பி டாக்ஸில கோபுரத்துக்குப் போகட்டும். நீங்க அந்தம்மாகிட்ட நடந்ததச் சொல்லிடுங்க. வேற யாரையாவது முதல்ல பேச வச்சுக்குவாங்க.”

“சொன்னா அடுத்த வருஷம் பட்டியல்ல நம்ம பேர் இருக்காதே.”

“சொல்லாட்டி இன்னைக்கு மேடையில அவர் இருக்க மாட்டார். அந்த மனுஷன் இன்னும் நடந்துட்டுதாங்க இருக்கார்.”

அத்தான் எழுந்து, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, எண்ணை அழுத்தினார். என்னைப் பார்த்து, “மச்சான், எல்லாத்தையும் நானே சொல்றேன். பஸ் அட்டவணையையும் சேர்த்து,” என்றார்.

வாசலில் டாக்ஸி ஹாரன் அடித்தது. நான் ஒரு காலைப் படியில் வைத்துத் திரும்பிப் பார்த்தேன். அத்தான் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஆரம்பிப்பதற்கு வாயைத் திறந்தபடி நின்றார். மறுமுனையில் மணி போய்க்கொண்டே இருந்தது. அந்தம்மா எடுக்கவில்லை.