இரண்டு அவைகளில் ஒரே கேள்வி

நாகர்கோவிலில் எங்கள் எம்.பி. அலுவலகத்தின் கதவைத் திறக்க நான் வந்தபோது, வாசற்படியில் ஆறேழு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். குளச்சலிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள். மண்டைக்காடு அம்மன் கோயில் கொடைத் திருவிழா நேரம் என்பதால் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லாமல் நசுங்கி வந்திருந்தார்கள். அவர்களில் பிரகாசி என்பவள்தான் முதலில் எழுந்து பேசினாள்.

"யக்கா, எங்க வீட்டு ஆளும் இன்னும் மூணு பேரும் வெளிநாட்டு ஜெயிலுல கெடக்காவ. இங்க ஒரு ஆபீசுல கேட்டா இது டெல்லி விசயம்ங்காவ. டெல்லிக்கி எழுதுனா மாநிலத்துலருந்து பேப்பர் வரணும்ங்காவ. நாங்க இனி எங்கதான் போறது?"

உள்ளே உட்காரவைத்து, டீ வாங்கிக்கொடுத்து, நடந்ததைக் கேட்டேன். நான்கு பேரும் வளைகுடாவில் ஒரு அரபி முதலாளியின் படகில் மீன்பிடிக்கப் போனவர்கள். நீரோட்டத்தில் படகு எல்லை தாண்டிவிட, பக்கத்து நாட்டுக் கடற்படை பிடித்துக்கொண்டது. பாஸ்போர்ட் எல்லாம் முதலாளி கையில். அவர் போனை எடுப்பதில்லை. தாங்கள் இந்தியர்கள் என்று காட்டவே அவர்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

பிரகாசியின் பக்கத்தில் இருந்தவர் ஆயிஷா, அந்த நால்வரில் ஒருவனின் அம்மா. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் மோனுக்கு கலியாணம் பேசி வச்சிருக்கு. பெண்ணு வீட்டுக்காரங்க எத்தன நாளுதான் பொறுப்பாங்க?" என்றார்.

கட்சியும் தொகுதியும்

கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் ஸ்டெனோவாக இருந்து, பிறகு எம்.பி. அலுவலகத்துக்குச் செயலாளராக வந்தவள் நான். இந்த வேலைக்கு இப்போது வந்திருக்கும் பிள்ளைகள், ரயில்வே கோட்டா லெட்டர் கொடுப்பதும் திருமண வாழ்த்து அனுப்புவதும்தான் வேலை என்று நினைக்கிறார்கள். எதை யாரிடம் கேட்டால் அவர் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் இதில் பெரிய வேலை.

அன்று மதியமே கட்சியின் ஒன்றியச் செயலாளர் தங்கப்பன் வந்துவிட்டார். பெண்கள் வந்த செய்தி அவருக்கு எட்டியிருந்தது.

"நாளைக்கு நம்ம ஆர்ப்பாட்டம் இருக்குல்லா. அந்தப் பொம்பளையள நம்ம கொடியப் புடிச்சிக்கிட்டு முன்வரிசையில நிக்கச் சொல்லு. வந்தாத்தான் எம்.பி. பாப்பாருன்னு சொல்லு."

"அண்ணாச்சி, அவிய நம்ம கட்சிக்கு ஓட்டே போடலன்னாலும் இவருதான் அவியளுக்கு எம்.பி. ஆர்ப்பாட்டத்துக்கு வாறதும் வராததும் அவிய இஷ்டம். இங்க வாறதுக்கு அது டிக்கெட் இல்ல."

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. நான் டெல்லியில் இருந்த எம்.பி.க்குப் போன் போட்டேன்.

எம்.பி. அந்த வாரமே மக்களவையில், உறுப்பினர்கள் அவசர விஷயங்களை எழுப்பும் ஜீரோ அவரில், இதை எழுப்பினார். நன்றாகத்தான் பேசினார். அந்த வீடியோ குளச்சல் முழுக்க வாட்ஸ்அப்பில் ஓடியது. இரண்டு நாள் கழித்து பிரகாசி மறுபடி வந்தாள்.

"பேசுனதக் கண்டோம்க்கா. பதிலு எங்க?"

சரியான இடத்தில் கைவைத்துவிட்டாள். ஜீரோ அவரில் எழுப்பியதற்கு அமைச்சர் அங்கேயே பதில் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. பதில் வேண்டுமென்றால் கேள்வி நேரத்துக்குத்தான் போகவேண்டும். அதிலும் நட்சத்திரக் கேள்வியாக இருக்கவேண்டும். அதற்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்வார், துணைக்கேள்வியும் கேட்கலாம். முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்கவேண்டும், பிறகு குலுக்கலில் பெயர் விழவேண்டும். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன்.

"அப்ப ரெண்டாவது தடவ வலையப் போடுவோம்" என்றாள்.

யாரிடம் எதைக் கேட்பது

கேள்வியை எழுதுவதில்தான் எனக்கும் எம்.பி.க்கும் மோதல்.

"வசந்தா, சென்னையில இருக்கப்பட்ட அதிகாரியள கேள்வியில வச்சிக் கிழிக்கணும். அங்கதான் தூங்குகானுவ" என்றார் போனில்.

"ஐயா, அது மாநில நிர்வாகம். அதுக்கு டெல்லி அமைச்சர் பொறுப்பில்ல. கேள்விய மக்களவைச் செயலகத்துலயே தள்ளிருவாங்க. வெளிநாட்டுல பிடிபட்ட நம்ம ஆளுகளுக்குத் தூதரகம் என்ன செஞ்சுது, திருப்பிக் கூட்டிட்டு வர எது தடையா இருக்குன்னு மட்டும் கேப்போம். வெளியுறவு அவங்க கையில உள்ளது. அதுல நழுவ முடியாது."

"அப்ப சென்னைய யாரு கேக்கது?"

"சட்டமன்றத்துல கேக்கணும். நம்ம எம்.எல்.ஏ. கேக்கணும்."

"அவரு அந்தக் கட்சியில்லா!"

"ஆமா ஐயா."

கடைசியில் அவரே சொன்னார்: "நீயே கூப்பிடு. நாஞ் சொன்னேன்னு சொல்லு."

மாநிலத்தில் ஆளும் கட்சியைச் சேர்ந்தவர் எம்.எல்.ஏ. தேர்தலில் எங்களை எதிர்த்து வீடு வீடாகப் போனவர். போனை எடுத்ததும், "எம்.பி. ஆபீசா? நம்பர் தப்பாப் போட்டுட்டியளோ?" என்றார்.

விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. "எங்க அமைச்சர நானே மடக்கணும்ங்கிய."

"மடக்க வேண்டாம் சார். நாலு பேரும் நம்ம ஆளுகதான்னு விசாரிச்சு உறுதிப்படுத்த வேண்டியது மாநிலம். அது என்ன ஆச்சுன்னு அமைச்சர் அவையில சொல்லட்டும். முடிச்சிருந்தா நல்ல பேரு ஒங்க ஆட்சிக்குத்தான?"

யோசித்தார். "கவன ஈர்ப்புத் தீர்மானம் குடுக்கேன், அதுக்கு அமைச்சர் பதில் சொல்லணும். அந்த நாலு வீட்டுப் பொம்பளையள்ல ஒராளக் கூட்டிட்டு வாங்க. பார்வையாளர் பாஸ் நான் எடுத்துத் தாறேன். ஆளு உக்காந்து பாத்துக்கிட்டிருந்தா பதிலும் கொஞ்சம் கவனமா வரும்."

இது நான் யோசிக்காத ஒன்று. அவருடைய அனுபவம் அது.

மாடத்தில் பிரகாசி

குலுக்கலில் எங்கள் எம்.பி.யின் கேள்வி தேறியது. சட்டமன்றத்தில் கவன ஈர்ப்பு அதற்கு முந்தின நாள் வந்து அமைந்தது. அது எங்கள் திட்டமில்லை, அதிர்ஷ்டம்.

நானும் பிரகாசியும் சென்னைக்கு ரயிலேறினோம். சட்டமன்றத்தில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு, மேலே பார்வையாளர் மாடத்துக்கு அனுப்பினார்கள். பேசக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது, கை தட்டக்கூடாது என்று காவலர் சொல்லிவிட்டுப் போனார். ஆயிரம் நாற்காலி இருக்கும் என்று நினைத்து வந்ததாகவும், இது நம்ம கோயில் அளவுகூட இல்லையே என்றும் பிரகாசி என் காதில் சொன்னாள்.

எம்.எல்.ஏ. எழுந்தார். நான்கு பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசித்தார். "குளச்சலைச் சேர்ந்த மிக்கேல்" என்றதும் பிரகாசி தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டாள். காவலர் ஓடிவந்தார். "எங்க வீட்டு ஆளுக்க பேரு வாசிக்காவ சார்" என்றாள் அவரிடம், மெல்லிய குரலில். அவர் திட்டவில்லை. உட்காரும்படி கையை மட்டும் காட்டினார். உட்கார்ந்தபிறகு அவள் என் முழங்கையை விடவே இல்லை.

அமைச்சர் பதில் தெளிவாக இருந்தது. நான்கு பேரின் குடியுரிமையும் விசாரித்து உறுதிசெய்யப்பட்டுவிட்டது, அறிக்கை மத்திய அரசுக்கு அனுப்பப்பட்டுவிட்டது. அந்தப் பதில் அவைக்குறிப்பிலும் ஏறிவிட்டது. அன்று மாலையே அந்தப் பதிலை டெல்லியில் எம்.பி.க்கு அனுப்பினேன்.

மறுநாள் எம்.எல்.ஏ. விடுதியின் வரவேற்பறையில், டி.வி. முன்னால், எம்.எல்.ஏ.யும் நாங்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் எம்.பி.யின் கேள்வியைப் பார்த்தோம். வெளியுறவு அமைச்சர் எழுந்து, தூதரகம் நான்கு பேரையும் போய்ப் பார்த்திருக்கிறது, குடியுரிமை அறிக்கை மாநிலத்திலிருந்து இன்னும் எங்களுக்கு வந்து சேரவில்லை, வந்ததும் அவர்களுக்குப் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகப் பயணச் சான்று கொடுத்துவிடுவோம் என்றார்.

பிரகாசி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"ரெண்டு அமைச்சரும் உள்ளதத்தான் சொல்லுகாவன்னா, பேப்பரு கடல்லயா போயி விழுந்துச்சு?"

எம்.பி. துணைக்கேள்விக்கு எழுந்தார். அனுப்பிவிட்டதாக நேற்று மாநில அமைச்சர் எங்கள் சட்டமன்றத்தில் சொல்லியிருக்கிறார். வரவில்லை என்று இன்று நீங்கள் சொல்கிறீர்கள். இரண்டும் உண்மையென்றால் அந்த அறிக்கை இப்போது எங்கே இருக்கிறது? குரலை உயர்த்தாமல் கேட்டார். அமைச்சர் பக்கவாட்டில் இருந்த அதிகாரிகளைப் பார்த்தார். "இன்றே விசாரித்து உறுப்பினருக்குத் தெரிவிக்கிறேன்" என்றார்.

"நல்லாக் கேட்டாரு" என்றார் எம்.எல்.ஏ. எதிர்க்கட்சி ஆளைப் பற்றி அவர் அப்படிச் சொன்னதை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அறிக்கை டெல்லிக்கு வந்துதான் இருந்தது. வேறொரு அமைச்சகத்தின் ஒரு பிரிவில் கிடந்தது. அங்கே யாரும் அதை மறைக்கவில்லை. இது நம்முடையதில்லை என்று நினைத்து விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். அன்று மாலைக்குள் உரிய மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த நாட்டுக் கோர்ட் அபராதத்தோடு விட, தூதரகம் சான்று கொடுக்க, நான்கு பேரும் ஒரே விமானத்தில் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினார்கள். மிக்கேல் பாதியாக மெலிந்திருந்தார். ஆயிஷாவின் மகனுக்குப் பேசியிருந்த பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். அதை எந்த அவையிலும் கேட்டுச் சரிசெய்ய முடியவில்லை.

தேர்தல் வந்தபோது

அடுத்த தேர்தல் நேரத்தில் மிக்கேலும் பிரகாசியும் அலுவலகத்துக்கு வந்தார்கள். எம்.பி.யும் இருந்தார், தங்கப்பனும் இருந்தார். பேச்சு முடிந்து அவர்கள் எழுந்தபோது தங்கப்பன் கேட்டார்:

"ஏட்டி, இந்தத் தடவ வீட்டோட நமக்குத்தான ஓட்டு?"

பிரகாசி சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "அத ஒமக்கு எதுக்கு அண்ணாச்சி சொல்லணும்? அது ரகசியம்லா."

தங்கப்பன் எம்.பி. முகத்தைப் பார்த்தார். எம்.பி. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். அலுவலகத்துக்கு வருகிறவர்கள் உங்களிடம் உதவி கேட்டு வருவதாக நினைக்காதீர்கள். அவர்கள் கேள்வியோடு வருகிறார்கள். அதில் எது சென்னைக்குரியது, எது டெல்லிக்குரியது என்று பிரித்து, பதில் சொல்லக் கடமைப்பட்டவர் முன்னால் கொண்டுபோய் வையுங்கள். அதற்குக் கைமாறாக எதையும் எதிர்பார்க்காதீர்கள், நன்றியைக்கூட.