அருவியைப் பார்க்காமல் திரும்பிய காலை

எங்கள் மேஸ்திரி, தாம் முன்பு வேலை பார்த்த சிங்கப்பூர்ச் சாயப்பட்டறையிலிருந்து கொண்டுவந்த ரப்பர் கையுறை கிழிந்தபோது, சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டுப்போட்டு மாட்டிக்கொண்டார். எழுபதுகளின் கடைசியில், தென்காசியை அடுத்த சாயப்பட்டறையில் வெறுங்கையால் நூலைச் சாயத்தில் முக்கியெடுத்த எங்களுக்கு அது வேடிக்கை.

அவர் வருமுன் சாயக் கழிவு தினமும், குற்றால அருவியிலிருந்து வரும் சிற்றாற்றில்தான் போயிற்று. சுத்தம் செய்யத் தொட்டி கட்டலாம் என்றார் மேஸ்திரி. கட்டினால் பாதிப் பேரை வேலையிலிருந்து நிறுத்துவேன் என்றார் முதலாளி. கடைசியில் ஒரு சமாதானம்: குட்டையில் தேக்கிவைத்து, குற்றாலத்தில் அருவி நிறைந்து விழும் நாளில் மட்டும் மடை திறப்பது. பெருகி ஓடும் ஆற்றில் சாயம் கரைந்துவிடும்.

"சிங்கப்பூருல இப்படி விட்டா மறுநாளே பட்டறையப் பூட்டிருவாம்லே" என்பார் மேஸ்திரி சாப்பிடும்போது.

"அங்கன பூட்டுனா அடுத்த பட்டறைக்குப் போயிருவிய அண்ணாச்சி. இங்கன பூட்டுனா ஒங்க வீட்டுலதான் எங்களுக்குச் சாப்பாடு" என்பார் பக்கத்தில் இருப்பவர். எல்லோரும் சிரிப்போம். மேஸ்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். அந்த நாட்டில் ஆற்றுக்காக முதலாளி செலவழித்தார். இங்கே நாங்கள் பட்டினி கிடக்க வேண்டும் போலிருந்தது.

அருவியைப் பார்த்து வருவது என் பொறுப்பு. ஆனி மாதக் காலை ஒன்றில், பாதி வழியில் குற்றாலத்துப் பஸ் எதிரே வந்தது. ஜன்னலெல்லாம் ஈரத் துண்டுகள். இதற்குமேல் என்ன பார்க்க என்று சைக்கிளைத் திருப்பினேன்.

"நல்லா விழுது அண்ணாச்சி."

மேஸ்திரி மடையைத் திறந்தார். அன்று அருவியில் நூல்போலத்தான் தண்ணீர். பஸ்ஸில் வந்தது, வரிசையில் நின்று தலையை மட்டும் நனைத்துத் திரும்பிய கூட்டம். சாயம் ஆற்றில் நகராமல் நின்றது. அதைக் குடித்து ஒரு அம்மாளின் இரண்டு பசுக்கள் செத்தன. அந்த அம்மாள் செம்பில் அந்தத் தண்ணீரை மொண்டு பட்டறைக்கு வந்து, "குடிங்கலே, ஒரு வாய் குடிங்க" என்று ஒவ்வொருவரிடமும் நீட்டினார்.

அதிகாரி வந்து பட்டறையைப் பூட்டினார்.

"அருவியைப் பாத்தது யாருவே?" முதலாளி கேட்டார்.

"நாந்தான் மொதலாளி." மேஸ்திரி என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் வாய் திறக்கவில்லை. கூச்ச சுபாவம் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டேன். கூச்சமல்ல, வீட்டில் மனைவி நிறைமாதமாக இருந்தாள்.

மேஸ்திரியை அனுப்பிவிட்டார்கள். சில வாரங்களில் பூட்டு திறந்தது. தொட்டி வரவில்லை. தேக்கிவைப்பதால்தானே வம்பு என்று, அன்றன்றைய கழிவை அன்றன்றே ஆற்றில் விடச் சொன்னார் முதலாளி. அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். எண்பதுகள் முழுக்க நான்தான் செய்தேன்.