செலின் மேடம் தேடிப்போன பெயர்கள்

செலின் மேடம் இறந்த செய்தி எங்கள் கல்லூரியின் வாட்ஸ்அப் குழுவில் காலை ஏழு மணிக்கு வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. நடுவில், கல்லூரிக் கணினி தானாக அனுப்பும் அறிவிப்பும் வந்து விழுந்தது: 'பேராசிரியர் செலின் அவர்களின் ஐந்தாம் பாடக் காணொளி தயார்.' யாரோ பழக்கத்தில் அதற்குக் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்.

அவரை அறிந்தவர்கள்தான் இதை வாசிப்பீர்கள். அவர் கனிவானவர் என்று எழுதி உங்களைச் சிரிக்க வைக்கமாட்டேன். ராயபுரத்தில் துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்தவர். அதே துறைமுகத்திலும் லாரி ஷெட்டுகளிலும் வேலை முடித்து வருகிறவர்களுக்கு மாலைக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தினார். வகுப்பில் யாராவது அயர்ந்து தூங்கினால் எழுப்பமாட்டார். மணி அடித்து எல்லோரும் எழுந்த பிறகு, "இன்னாபா, நல்லா தூங்கினியா? இப்ப குந்து, மறுபடி சொல்றேன்" என்று அந்த ஒருவருக்காகப் பாடத்தை முதலிலிருந்து நடத்துவார். அதற்குள் இருவருடைய பஸ்ஸும் போய்விடும். அது தண்டனையா பரிவா என்று நான் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

புள்ளியியல் ஆசிரியனான என்னையும் அவர் விட்டதில்லை. "சாரு வாசல்ல நின்னுகினு, உள்ள வரலாமானு தன்னையே கேட்டுக்குவாரு" என்று ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னும் சொல்வார். அது உண்மைதான்.

பெருந்தொற்றுக் காலம் முடிந்ததும், மாலை வகுப்புகளை நிரந்தரமாக இணையத்துக்கே மாற்றிவிடலாமா என்று ஆராயும்படி நிர்வாகம் எங்கள் இருவரையும் கேட்டது. அப்போது நான் ஓய்வுபெற்று, ஆலோசகராகப் போய்வந்துகொண்டிருந்தேன். இணைய வகுப்பில் சேர்ந்தவர்களுக்குப் பருவத் தொடக்கத்தில் ஒரு கேள்வித்தாள், முடிவில் ஒன்று. இரண்டாவதை நிரப்பாதவர்களை அட்டவணையிலிருந்து நீக்கினேன். முழுமையற்ற பதிவு கணக்கில் சேராது என்றுதான் முப்பது ஆண்டுகள் சொல்லிக்கொடுத்திருந்தேன். மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் இணைய வகுப்பு நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

செலின் அட்டவணையைப் பார்த்துச் சிரித்தார். "பாதியில நின்னவன் கடைசி பாரத்த எப்டி சார் நிரப்புவான்? கப்பல்ல கீறவன்கிட்ட மட்டும் கேட்டுட்டு, எவனும் முழுகலன்னு எழுதி வச்சிகினு கீறீங்க."

நான் நீக்கிய பெயர்களைக் கையால் ஒரு நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் எர்ணாவூருக்கு இழுத்துப்போனார். குடியிருப்பின் மூன்றாம் மாடியில் சுதாகர் இருந்தார். கன்டெய்னர் யார்டில் வேலை, முப்பதைத் தாண்டியவர். எங்களைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டுத் தான் தரையில் உட்கார்ந்தார்.

"ஏன்டா நின்னுட்ட?" என்றார் செலின்.

"வூட்ல ஒரே போனு மிஸ்ஸு. பாப்பாக்கும் அதே டைம்ல டியூசன். கொஞ்ச நாள் யார்டுலயே தோஸ்து போன்ல பாத்தேன். வண்டி சத்தத்துல ஒண்ணும் கேக்கல. உங்க வாய் மட்டும் ஆடிகினு இருந்துச்சு."

"நேர்லயும் அதான நடந்துச்சு, தூங்குமூஞ்சி."

"நேர்ல மறுபடி சொன்னீங்களே மிஸ்ஸு."

செலின் பட்டியலில் எதையோ குறித்துக்கொண்டார். நேரில் கிளாஸ் திரும்ப வைப்பார்களா என்று சுதாகர் கேட்டார். "இந்த சாரு எழுதினா வெப்பாங்க" என்று செலின் என்னைக் காட்டினார்.

எழுதினேன். ஒரே பக்கம். பாதியில் நின்றவர்கள் யார், ஏன் நின்றார்கள், அவர்களை நீக்கியதால் எங்கள் முடிவு எப்படித் தவறாகிறது என்று அதில் இருந்தது. நிர்வாகக் கூட்டத்தன்று அது என் பையில் இருந்தது. ஆனால் போன வீடுகள் குறைவு, கிடைத்தவை எல்லாம் வாய்மொழிப் பதில்கள், இதை ஆய்வு என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "அறிக்கை இவ்வளவுதானே சார்?" என்று முதல்வர் கேட்டார். செலின் என்னைப் பார்த்தார்.

"இவ்வளவுதான்" என்றேன்.

செலின் தன் பட்டியலைத் தூக்கிக் காட்டிப் பேசினார். "சாரே முடிஞ்சதுன்னு சொல்றாரே மேடம்" என்று உட்காரவைத்துவிட்டார்கள்.

நேரடி மாலை வகுப்பு நிரந்தரமாக மூடப்பட்டது. செலினை ஒரு வகுப்பறையில் நிறுத்தி எல்லாப் பாடங்களையும் பதிவு செய்தார்கள். ஒரு நாள் கதவருகே நின்று பார்த்தேன். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் காலி பெஞ்சுகளைப் பார்த்து, "புரிஞ்சுதா?" என்று கேட்டு, பதில் வரும் அளவுக்குக் காத்திருந்தார். அந்த இடைவெளிகளை வெட்டிவிட்டுத்தான் காணொளிகளை வெளியிட்டார்கள். பதிவு முடிந்த மாதமே, இனி வரவேண்டாம் என்று அவருக்குக் கடிதம் கொடுத்தார்கள்.

வாசலில் என்னிடம் சொன்னார்: "வாய புடுங்கி வச்சிகினு ஆள தொரத்திட்டானுங்க. நீங்க கெட்டவரா இருந்தா சண்டையாவது போட்டிருப்பேன். நல்லவரா கீறீங்க சார், அதான் பேஜாரு."

பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. நோயில் படுத்திருக்கிறார் என்று தெரிந்தது. என்ன சொல்வது என்று முதலில் தெளிவாகட்டும் என்றிருந்தேன். தெளிவாவதற்குள் வாட்ஸ்அப்பில் செய்தி வந்துவிட்டது.

கல்லறைத் தோட்டத்தில் சுதாகர் என்னிடம் ஒரு பழைய நோட்டை நீட்டினார். "மிஸ்ஸு உங்களாண்ட குடுக்கச் சொல்லுச்சு" என்றார். கொடுத்துவிட்டு மண் போடப் போய்விட்டார்.

இரங்கல் கூட்டத்தைக் கல்லூரி இணையத்தில் நடத்தியது. நிர்வாகக் கூட்டத்தில் நான் படிக்காமல் விட்ட அந்தப் பக்கத்தை மேசைமேல் எடுத்து வைத்திருந்தேன். என் முறை வந்தபோது, மிகவும் கனிவானவர் என்று சொல்லி முடித்துக்கொண்டேன்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த நோட்டு ஒன்றுதான். பெயர், வீடு, நின்ற காரணம் என்று மூன்று கட்டங்கள். கொருக்குப்பேட்டை, எர்ணாவூர், ராயபுரம் என்று ஒவ்வொருவருக்கும் காரணம் எழுதியிருக்கிறார். கடைசி வரியில் என் பெயர், என் வீடு இருக்கும் காலடிப்பேட்டை. மூன்றாவது கட்டம் காலியாக இருக்கிறது. முழுமையற்ற பதிவு; என் முறைப்படி நீக்கிவிட வேண்டியது.

மற்ற எல்லோரிடமும் படியேறிப் போய்க் கேட்டு எழுதியவர், என் வீட்டுக்கு மட்டும் வரவில்லை.