பம்புக் கைப்பிடி

எங்கள் நைனாவை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பாவைத்தான் நைனா என்போம். சேக்காட்டில் இருந்த கொஞ்ச நிலத்தை விற்று, வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு போர்ஷன் கட்டிவிட்டு, ஆவடியையே விலைக்கு வாங்கியவர் மாதிரி நடந்த மனிதர் அவர்.

எண்பதுகளின் கடைசி. தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு திருநெல்வேலிக்காரர், மனைவியோடும் கைக்குழந்தையோடும் அந்தப் போர்ஷனுக்குப் போக்கியத்துக்கு வந்தார். மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு மூன்று வருடம் வாடகையில்லாமல் இருக்கலாம். போகும்போது பணம் திரும்பி வரும். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்தும் ஆனது. ஒரு வருடம்கூட முடியவில்லை, அதைவிடப் பெரிய தொகையோடு வேறொருவர் வந்தார். நைனாவுக்குப் போட்ட கையெழுத்து மறந்துபோயிற்று.

காலி செய்யச் சொன்னார். திருநெல்வேலிக்காரர் பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டினார். நைனா அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"இதுல ஊடுன்னுதான் போட்டுக்கீது. தண்ணின்னு எங்கனா போட்டுக்கீதா?"

மறுநாளிலிருந்து அடிபம்பின் கைப்பிடி கழன்று எங்கள் கட்டிலுக்கு அடியில் வந்துவிட்டது. காலையில் அரை மணி நேரம் மட்டும் மாட்டுவோம். அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்காக அம்மாவையும் நான் மன்னித்ததில்லை. கைப்பிடிக்குக் காவல், எட்டு வயதான நான். அந்த உத்தியோகத்தில் எனக்கு இருந்த பெருமையை இப்போது சொல்லவே கூசுகிறது.

ஒரு மத்தியானம் அந்தக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. அதன் தாயை நான் அத்தை என்று கூப்பிடுவேன். காலிக் குடத்தோடு அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

"ஒரே ஒரு கொடம் அடிச்சுக்கிடுதேன் பிள்ள. துணியெல்லாம் அப்படியே கெடக்கு."

நைனா தினமும் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்வதை அச்சுப் பிசகாமல் ஒப்பித்தேன். "ஊட்ட காலி பண்ணுங்க. அப்புறம் தண்ணி இன்னாத்துக்கு?"

அத்தை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக்கோடிக் குழாய்க்கு நடந்தார். பின்கட்டில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அது என் காதில் நன்றாக விழுந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

மறுநாளே அவர்கள் காலி செய்வதாகச் சொல்லிவிட்டார்கள். "எம்பொண்ணு பேசனது ஒரே பேச்சு, கெளம்பிட்டானுங்க" என்று நைனா தெரு முழுக்கச் சொல்லிப் பூரித்தார். பஜாரிலிருந்து எனக்கு அல்வா வாங்கி வந்தார். வெட்கமில்லாமல் தின்றேன்.

வண்டி வந்த அன்று காலை, சீப்பும் ரிப்பனுமாக வழக்கம்போல அத்தைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். அம்மா விடியும் முன்பே வீடுகளுக்குப் பால் ஊற்றப் போய்விடுவதால், பள்ளிக்கு எனக்குத் தினமும் தலை பின்னிவிட்டவர் அவர்தான். சாமான்கள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன. "இவளுக்கு எதுக்குட்டி பின்னுத?" என்று அவர் கணவர் சீறினார். அத்தை இரட்டை ஜடை பின்னி, ரிப்பனை முடிச்சுப் போட்டுவிட்டார். ஒரு ஜடை மேலும் ஒன்று கீழுமாக இருந்தது. அந்தக் கோபத்தில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் பள்ளிக்கூடம் போனேன்.