சுங்கான் பிடித்த ஹாப்

ரூபன் வெரில் நண்டு பிடிப்பதில் கெட்டிக்காரர். பொய் சொல்வதில் சுத்தமாகத் தேறாதவர். வாழ்நாளில் அவர் காப்பாற்றிய ஒரே ரகசியம், புகையிலை அடைத்துப் பிடிக்கும் ஒரு சுங்கான். அதன் நெருப்பு புது வலையைப் பொசுக்கிய அன்றே, "இனி அது உங்க வாயில இருந்தா நான் இந்த வீட்ல இல்ல" என்று மனைவி டாமரிஸ் சொல்லிவிட்டாள்.

இங்கிலாந்தின் யார்க்ஷர் கரையில் அவள் கண்ணில் படாமல், காற்றும் அணைக்காமல் ரூபன் புகைக்க ஒரே இடம், ஹாபின் குகை. ஊரார் சொல்லும் ஹாப், உடம்பெல்லாம் மயிர் மூடிய குட்டைப் பூதம். பிள்ளைகளின் கக்குவான் இருமலை எடுத்துவிடும். உடுப்பு மட்டும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் ரோஷப்பட்டு இடத்தைக் காலி செய்துவிடும். தாய்மார்கள் குகை வாசலில் நின்று கத்துவார்கள். உள்ளே ரூபன் மூச்சைப் பிடித்துக்கொள்வார். ஹாப் பதில் சொன்னதாகச் சரித்திரமே இல்லை. ரூபனுக்கு அது வசதி.

ஒரு நாள் காலை ஊர்க்காரி பெகி தன் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"ஹாப் அய்யா! எம் புள்ளைக்குக் கக்குவான் இருமல். எடுத்துடுங்க, எடுத்துடுங்க!"

பையன் முகம் நீலம் பாரிக்க இருமினான். பெகி மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"போன வாரமும் கத்துனேன், நீங்க வாயே தொறக்கல. இன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லாம நகர மாட்டேன்."

அலை ஏறிக்கொண்டிருந்தது. ரூபனின் தொண்டையோ துருப்பிடித்த கதவு. ஊரே அறிந்த குரல். வாயைத் திறந்தால் சுங்கான் போச்சு. பையன் மறுபடி இருமினான்.

"ஆகட்டும் தாயி," என்றது குகை. "வீட்டுக்குப் போ. புள்ளைய கதகதப்பா வச்சுக்கோ."

வார்த்தையோடு புகையும் வெளியே வந்தது.

"அம்மா, ஹாப் சுங்கான் பிடிக்குது!" பையன் சிரித்தான், இருமினான், மறுபடி சிரித்தான்.

இருமல் மெல்லத் தணிந்தது. ஹாப் சுங்கான் பிடித்துக்கொண்டு 'ஆகட்டும் தாயி' என்கிறதாம் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. அது டாமரிஸ் காதிலும் விழுந்தது. அன்றே எதையோ பின்ன ஆரம்பித்தாள்.

சில நாள் கழித்து ரூபன் குகைக்குப் போனால், அவர் உட்காரும் கல்லின் மேல் நீலக் கம்பளிச் சட்டை ஒன்று. அளவெடுத்தது போல் இருந்தது. உடுப்புக் கிடைத்த ஹாப் வேறென்ன செய்யும்? மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

"வாங்க ஹாப் அய்யா," என்றாள் டாமரிஸ். "குகை ஈரம் உங்க மூட்டுக்கு ஆகாது. பின்வாசல்ல உக்காந்து பிடிங்க. வலைப் பக்கம் போனீங்க, தொலைச்சேன்."

"சரி... இனி யாராவது இருமுற புள்ளையத் தூக்கிட்டு வந்தா?"

அவள் சட்டையின் கழுத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"அப்ப மட்டும் போங்க. சட்டையக் கழட்டி வச்சுட்டு."